முதலில் பதிந்தவர் ஏன் 140-வது ஆளானார்?

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றம் ஆண்டுக்கு இரண்டு முறை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறது. பதிவுக்காக ஜாவாவில் நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரே ஆள் இரண்டு முறை பதியக் கூடாது என்று கைப்பேசி எண்களை ஹாஷ்செட்டில் (ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத ஜாவா தொகுப்பு) போட்டேன். 1 முதல் 10 வரை எண்களைக் கொடுத்து சோதித்தபோது, போட்ட வரிசையிலேயே வந்தது. முகாம் அன்று பட்டியல் கலைந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே வந்து பதிந்த பெரியவரை 140-வது ஆளாகக் கூப்பிட்டோம். நான் படித்த பயிற்சி மையத்தில் கேட்டால், "ட்ரீசெட் போடு, சரியாகிவிடும். மேலே தெரிய வேண்டுமானால் அட்வான்ஸ்டு கோர்ஸில் சேர்" என்கிறார்கள். என்ன செய்வது? ஒருவர் இரண்டாவது முறை பதிந்தால் அவருடைய இடம் மாறுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் வேலையை முடித்துவிடுவோம். உங்கள் கோடில் 'நியூ ஹாஷ்செட்' என்று இருக்கும் இடத்தில் 'நியூ லிங்க்ட்ஹாஷ்செட்' என்று மாற்றுங்கள். மேலே அதற்கான இம்போர்ட் வரியைச் சேருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். இதற்குக் கோர்ஸ் எதுவும் தேவையில்லை. இது 2002-இல் வந்த ஜாவா 1.4 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி, எந்தக் கணினியில் ஜாவா இருந்தாலும் இதுவும் கூடவே இருக்கும்.

இனி, பத்து எண்களுக்குச் சரியாக வந்தது கைப்பேசி எண்களுக்கு ஏன் வரவில்லை என்று பார்ப்போம். இது புரியாவிட்டால் அடுத்த முறை வேறு இடத்தில் இதே பள்ளத்தில் விழுவீர்கள்.

ஹாஷ்செட் என்பது தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் அறைகள் மாதிரி. தொடக்கத்தில் 16 அறைகள் இருக்கும். ஒரு பொருளைக் கொடுத்தால், அதிலிருந்து ஹாஷ்கோட் என்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் எந்த அறையைக் காட்டுகிறதோ அங்கே போட்டுவிடும். நீங்கள் தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு நேராக அந்த அறைக்குப் போகும். வேகம் அதனால்தான். ஆனால் அச்சிடும்போது 0-வது அறையிலிருந்து வரிசையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வரும். யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற குறிப்பு அதனிடம் கிடையாது.

முழு எண்ணுக்கு ஹாஷ்கோட் அந்த எண்ணேதான். 1 முதலாம் அறைக்கும், 2 இரண்டாம் அறைக்கும் போகும். நீங்களும் 1, 2, 3 என்றே கொடுத்தீர்கள், அதனால் பொருந்தி வந்துவிட்டது. 5, 3, 9 என்று கொடுத்திருந்தால் 3, 5, 9 என்று வந்திருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை நீங்கள் எழுத்துச் சரமாக (ஸ்ட்ரிங்) வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஒவ்வொரு இலக்கத்துக்கும் 31-ஆல் பெருக்கிக் கூட்டிக் கூட்டி ஹாஷ்கோட் வரும், எந்த அறைக்குப் போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்துகளை வைத்து ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பாருங்கள். ஒரு வெறும் ஹாஷ்செட்டை உருவாக்கி, அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து அச்சிடுங்கள். ஜாவா 8-லும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் ஐ, ஒ, ஓ, ஔ, அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று வரும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் 'அ'-வின் எண் 2949. அதை 16-ஆல் வகுத்தால் மீதி 5, அதனால் ஐந்தாம் அறை. 'ஐ'-யின் எண் 2960, மீதி 0, அதனால் அது முதலில் வந்து நிற்கிறது. சரி, இப்போது பதின்மூன்றாவதாக ஆய்த எழுத்தைச் சேருங்கள். 16 அறைகளில் பன்னிரண்டுக்கு மேல் சேர்ந்தால் அறைகள் 32 ஆகப் பெருகும், அறைக் கணக்கு மறுபடி போடப்படும், சிலர் புது அறைக்கு மாறுவார்கள். இப்போது அச்சிட்டால் அ முதல் ஔ வரை ஒழுங்காக நிற்கும், ஆனால் கடைசியில் சேர்த்த ஃ எல்லாருக்கும் முன்னால் போய் நிற்கும். ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்ததற்கு மொத்த வரிசையும் மாறிவிட்டது பாருங்கள். உங்கள் பெரியவருக்கு நடந்தது இதுதான்.

லிங்க்ட்ஹாஷ்செட் இதே அறைகளைத்தான் வைத்திருக்கிறது. கூடுதலாக, ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்தவர் கையையும் பின்னால் வந்தவர் கையையும் பிடித்துக்கொள்வார்கள். தேடும்போது அறை வழியாகப் போகும், அச்சிடும்போது கைச் சங்கிலி வழியாகப் போகும். அறைகள் பெருகினாலும் சங்கிலி அறுவதில்லை. இதற்கு ஆளுக்கு இரண்டு சுட்டிகள் (பாயின்டர், அதாவது இன்னொருவர் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) அளவு நினைவகம் கூடுதலாகச் செலவாகும். முந்நூறு பேர் வரும் முகாமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்த ட்ரீசெட் யோசனைக்கு வருகிறேன். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ட்ரீசெட் சேர்த்த வரிசையைக் காக்காது. அது மதிப்பை வைத்து ஏறுவரிசையில் அடுக்கும். உங்கள் முகாமில் அதைப் போட்டால் 6-இல் தொடங்கும் கைப்பேசி எண் வைத்திருப்பவர் எல்லாம் முதலில் போவார்கள், 9-இல் தொடங்கும் எண்காரர்கள் விடியற்காலையிலேயே வந்திருந்தாலும் மதியம் வரை உட்கார்ந்திருப்பார்கள். 'பதிந்த நேரத்தை வைத்து ட்ரீசெட்டில் அடுக்கு' என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது இன்னும் மோசம். ட்ரீசெட், ஒப்பிட்டுப் பார்த்துச் சமம் என்று வந்தால் இரண்டாமவரைச் சேர்க்கவே சேர்க்காது. நிமிடக் கணக்கில் நேரத்தை வைத்து ஒப்பிட்டால், 6.05-க்குப் பதிந்த இரண்டு பேரில் ஒருவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். எச்சரிக்கை எதுவும் வராது, ஆள் காணாமல் போயிருப்பார், அவ்வளவுதான்.

பயிற்சி மையங்களைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுதான் காரணம். 'ஹாஷ்செட் தானாகவே வரிசைப்படுத்தும்' என்று அச்சடித்த நோட்ஸை, கட்டணம் கட்டிப் படித்த ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். சின்ன எண்களைப் போட்டு ஒரு அவுட்புட்டைப் பார்த்து, யாரோ எழுதியதை அடுத்தவர் நகலெடுத்து, அது நேர்முகத் தேர்வு வினாவிடை என்ற பெயரில் விற்பனையாகிறது. ஒரு சொல்லை மாற்றினால் தீரும் சிக்கலுக்கு ஒரு கோர்ஸை விற்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். 'உங்கள் புரோகிராமை நான் சரிசெய்து தருகிறேன்' என்று இடையில் வருகிறவரிடமும் இதே எச்சரிக்கை: என்ன மாற்றினார் என்று வரியைக் காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லை என்றால் காசு கொடுக்காதீர்கள்.

கல்லூரிகளையும் விட மனமில்லை. 'ஹாஷ்செட் என்றால் என்ன' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டைக் கையால் எழுத வைக்கிறோம். இது எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தரவில்லை என்று ஒரு தடவையாவது கேட்கிறோமா? ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஹாஷ்செட்டைப் பற்றிய முதல் பத்தியிலேயே, வரிசைக்கு உறுதியில்லை, காலப்போக்கில் அதே வரிசை நீடிக்கும் என்றும் உறுதியில்லை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்தியைத் திறந்து காட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைப் பாடத்திட்டம் தருவதில்லை என்பது பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது.

இரண்டாவது முறை பதிந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. லிங்க்ட்ஹாஷ்செட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை மறுபடி சேர்த்தால் அது அசையாது. 12-வது இடத்தில் இருந்தவர் 12-வது இடத்திலேயே இருப்பார். சேர்க்கும் கட்டளை உங்களுக்கு 'ஃபால்ஸ்' என்று பதில் தரும். அந்தப் பதிலைக் கவனித்து 'நீங்கள் முன்பே பதிந்துவிட்டீர்கள்' என்று திரையில் காட்டுங்கள், பாவம், மக்கள் பதியவில்லையோ என்ற பயத்தில்தான் இரண்டு முறை பதிகிறார்கள்.

ஆனால் நீக்கிவிட்டுச் சேர்த்தால் கதை வேறு. ஒருவர் 'வர முடியாது' என்று சொல்லி நீங்கள் நீக்கிவிட்டீர்கள், ஒரு மணி நேரம் கழித்து 'வருகிறேன்' என்கிறார், மறுபடி சேர்க்கிறீர்கள். அவர் கடைசிக்குப் போய்விடுவார். இது நியாயமான வரிசைதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், எண்ணைத் திருத்தும்போது. பதிபவர் ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்துவிட்டார், நீங்கள் பழைய எண்ணை நீக்கிச் சரியான எண்ணைச் சேர்க்கிறீர்கள். அவருடைய தவறே இல்லாமல் அவர் கடைசி ஆளாகிவிடுகிறார். செட்டில் 'இந்த இடத்தில் வை' என்று சொல்ல வழி கிடையாது. 2023-இல் வந்த ஜாவா 21-இல் முதலில் சேர், கடைசியில் சேர் என்ற இரண்டு கட்டளைகள் வந்திருக்கின்றன, நடுவில் சேர்க்க அதிலும் வழியில்லை. அதோடு, அந்தக் கட்டளைகளைக் கொடுத்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரும் இடம் மாறிவிடுவார். ஆகவே திருத்தம் வந்தால் மொத்த பட்டியலையும், இட எண்ணைச் சொல்லி மாற்றக்கூடிய ஒரு அரேலிஸ்ட்டில் எடுத்து, அந்த இடத்தில் எண்ணை மாற்றி, புதிய லிங்க்ட்ஹாஷ்செட்டில் மறுபடி வரிசையாகப் போடுங்கள். முந்நூறு பேருக்கு இது கண் இமைக்கும் நேர வேலை.

சேர்ப்பதற்கு முன் எண்ணைச் சுத்தம் செய்யுங்கள். முன்னால் +91 போட்ட எண்ணும் போடாத எண்ணும் செட்டுக்கு இரண்டு தனி ஆட்கள். இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று: கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கைப்பேசி என்றால் உங்கள் புரோகிராம் இரண்டாமவரை டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். கண் முகாமுக்கு வரும் வயதானவர்களில் இப்படி நிறையப் பேர் இருப்பார்கள். எண்ணோடு பெயரையும் சேர்த்து ஒரே சரமாக்கி அதைச் செட்டில் போடுங்கள்.

வரிசை கலைய இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. லிங்க்ட்ஹாஷ்செட்டில் அழகாகச் சேர்த்துவிட்டு, பிறகு ஸ்ட்ரீமில் (தரவை ஒவ்வொன்றாக அனுப்பி வடிகட்டும் ஜாவா வசதி) போட்டு 'டு செட்' என்று முடித்தால் அங்கே வரிசைக்கு உறுதி போய்விடும். அதற்குப் பதில் 'டு கலெக்‌ஷன்' போட்டு லிங்க்ட்ஹாஷ்செட்டையே கேளுங்கள். இன்னொன்று, பட்டியலைத் தரவுத்தளத்தில் சேமித்து மறுநாள் எடுக்கிறீர்கள் என்றால், 'ஆர்டர் பை' (எந்த வரிசையில் வேண்டும் என்று சொல்லும் பகுதி) இல்லாத வினவலுக்கு எந்த வரிசையும் உறுதியில்லை. பதிவு எண் என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதன்படி கேட்டு வாங்குங்கள்.

நாளை யாராவது பைத்தானில் மாற்றி எழுதச் சொன்னால், பைத்தானின் செட்டும் வரிசையைக் காக்காது என்பதை நினைவில் வையுங்கள். 2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, சாவியும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் டிக்‌ஷனரி சேர்த்த வரிசையைக் காக்கும் என்று மொழியே உறுதி தருகிறது. அதனால் அங்கே டிக்‌ஷனரியின் சாவிகளாக எண்களைப் போட்டு வேலையை முடிக்கலாம்.

மாற்றிய பிறகு சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எதிர்பார்த்த செட்டையும் வந்த செட்டையும் 'ஈக்வல்ஸ்' போட்டு ஒப்பிடாதீர்கள். இரண்டு செட்டிலும் அதே ஆட்கள் இருந்தால் போதும், வரிசை தலைகீழாக இருந்தாலும் சமம் என்றே சொல்லும். இரண்டையும் அரேலிஸ்ட்டாக மாற்றி ஒப்பிடுங்கள். கொடுக்கும் எண்களும் 1, 2, 3 ஆக வேண்டாம், போன முகாமின் பதிவு நோட்டிலிருந்து உண்மையான எண்கள் ஐம்பதை, எழுதியிருக்கும் வரிசையிலேயே அடித்துப் பாருங்கள். அந்தப் பெரியவரின் எண்ணும் அதில் இருக்கட்டும்.