லேப்டாப் கேமராவும் மைக்கும் சொதப்புதா? ஏஐ எது வரைக்கும் காப்பாத்தும்

கேள்வி: வீட்லேர்ந்து ஆன்லைன் கிளாஸ் எடுக்கறேன். லேப்டாப்லயே இருக்கற கேமராவும் மைக்கும்தான். முகம் இருட்டா, புள்ளி புள்ளியா தெரியுதாம், ஃபேன் சத்தம் வேற கேக்குதாம், கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்குன்னு பசங்க சொல்றாங்க. புதுசா எதுவும் வாங்காம ஏஐ சாஃப்ட்வேர் வெச்சு சரி பண்ண முடியுமா?

பதில்: சத்தத்துக்கு முக்கால்வாசி முடியும், முகத்துக்கு கால்வாசிதான். அதனால மைக்லேர்ந்து ஆரம்பிக்கலாம், படம் மங்கலா இருந்தாகூட பசங்க பொறுத்துப்பாங்க, குரல் புரியலன்னா கொஞ்ச நேரத்துல வேற டேபுக்கு போயிடுவாங்க.

எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி, வழக்கமா உக்கார்ற இடத்துலயே ஃபேன் ஓட ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. முதல் பத்து செகண்ட் பேசாம இருங்க, அப்புறம் கிளாஸ்ல பேசற மாதிரி பேசுங்க, நடுவுல ஒரு தடவை கை தட்டுங்க. ஹெட்ஃபோன் மாட்டிட்டு கேளுங்க. பேசாம இருந்தப்போ ஸ்ஸ்ஸுன்னு ஓடுதே அது நாய்ஸ். கை தட்டினதுக்கு அப்புறம் இழுத்துட்டு போகுதே அது ரூம் எக்கோ, அதாவது உங்க குரலே வெத்து சுவர்லயும் தரையிலயும் பட்டு லேட்டா திரும்பி வர்றது. பசங்க கிணறுன்னு சொல்றது இதத்தான். நாய்ஸை ஏஐ அருமையா எடுத்துடும், ஏன்னா சுத்தமான குரலோட விதவிதமான சத்தத்த கலந்து குடுத்து எது குரல் எது குப்பைன்னு பிரிக்கத்தான் அந்த மாடல்களை பழக்கியிருக்காங்க. எக்கோ அப்படி இல்ல, அதுவும் குரல்தான், அதனால ஓரளவுக்குதான் குறையும்.

எக்கோவுக்கு நிஜ வைத்தியம் தூரம். மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல தூரம் ரெண்டு மடங்கானா உங்க குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் (சத்தத்த அளக்கற அலகு) இறங்கும், ஆனா ரூம்ல சுத்திட்டிருக்கற எக்கோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். லேப்டாப் மைக் உங்ககிட்டேர்ந்து ரெண்டடி தள்ளி இருக்கு. டிராயர்ல மைக் வெச்ச வயர் இயர்ஃபோன் ஏதாவது கிடந்தா எடுத்து மாட்டிப் பாருங்க, வாய்லேர்ந்து ஒரு ஜாண் தூரத்துல மைக் வந்துடும், அந்த ஒரு மாற்றம் பண்றத எந்த சாஃப்ட்வேரும் பண்ணாது.

புளூடூத் ஹெட்செட் இருக்கேன்னு கேப்பீங்க. பாட்டு கேக்க அருமையா இருக்கற அதே ஹெட்செட் மைக்கையும் ஆன் பண்ணின உடனே போன் கால் குவாலிட்டிக்கு இறங்கிடும், பெரும்பாலான ஹெட்செட்ல அந்த மோட்ல ஆடியோ 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்லதான் (செகண்டுக்கு 8,000 இல்லன்னா 16,000 தடவை மட்டும் குரல அளந்து) போகும். கேக்கறதுக்கு மட்டும் புளூடூத் வெச்சுக்கிட்டு மைக்க வேற ஒண்ணா மாத்தினாலே பாதி பிரச்சினை போயிடும், செட்டிங்ஸ்ல ரெண்டையும் தனித்தனியா செலக்ட் பண்ண முடியும்.

இப்போ சாஃப்ட்வேர். தேடி அலையறதுக்கு முன்னாடி கைல இருக்கறத பாருங்க. ஜூம் ஆடியோ செட்டிங்ஸ்லயே நாய்ஸ் சப்ரெஷன், அதாவது இரைச்சல அடக்கற ஆப்ஷன் இருக்கு, டீம்ஸ்லயும் இருக்கு, ஃபேன் சத்தத்துக்கு அதுவே போதும். ஆப்பிள் மேக்னா கால் ஓடும்போது கன்ட்ரோல் சென்டர்லயோ மேல இருக்கற மெனு பார்லயோ மைக் மோடுன்னு ஒண்ணு வரும், அதுல வாய்ஸ் ஐசொலேஷன் போட்டுடுங்க, 2021ல வந்த மான்டெரேங்கற மேக்ஓஎஸ் வெர்ஷன்லேர்ந்து இருக்கு, நிறைய பேர் கவனிச்சதே இல்ல. விண்டோஸ் லேப்டாப்ல என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா என்விடியா பிராட்காஸ்ட் ஃப்ரீ, நாய்ஸ் மட்டுமில்லாம ரூம் எக்கோவுக்கும் தனி ஆப்ஷன் இருக்கு, உங்க கேஸுக்கு பொருத்தம். கார்டு இல்லன்னா கிரிஸ்ப்னு நாய்ஸ் நீக்கற ஒரு ஆப் இருக்கு, சாதாரண புராசஸர்லயே ஓடும், ஃப்ரீ பிளான்ல அளவு கட்டுப்பாடு உண்டு. ரெக்கார்டிங்குக்கும் லைவ் ஸ்ட்ரீமிங்குக்கும் வர்ற ஃப்ரீ சாஃப்ட்வேர் ஓபிஎஸ் ஸ்டூடியோல ஆர்என்நாய்ஸ்னு ஒரு ஃபில்டர் இருக்கு, 2017ல மோசில்லா ஆராய்ச்சியிலேர்ந்து வந்த ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம், பழைய லேப்டாப்ல கூட ஓடும். ஆனா ஒரு சிக்கல், ஓபிஎஸ் கேமராவ மட்டும்தான் விர்ச்சுவல் கேமராவா ஜூமுக்கு அனுப்பும், ஆடியோவ அனுப்ப விபி கேபிள் மாதிரி ஒரு விர்ச்சுவல் கேபிள் (ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு சத்தத்த கடத்தற சாஃப்ட்வேர், நிஜ வயர் இல்ல) தனியா போடணும். இதுக்கெல்லாம் பொறுமை இல்லன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்ஸ்டால் பண்ணியும் வித்தியாசமே இல்லன்னு சொல்றவங்க நிறைய பேர், போய் பாத்தா ஜூம்ல இன்னும் பழைய மைக்தான் செலக்ட் ஆகியிருக்கும். பிராட்காஸ்டோ கிரிஸ்ப்போ போட்டா அது புதுசா ஒரு மைக் மாதிரி லிஸ்ட்ல வந்து நிக்கும், அத நீங்க செலக்ட் பண்ணணும். பண்ணின கையோட ஜூம்ல இருக்கற நாய்ஸ் சப்ரெஷன குறைஞ்ச லெவலுக்கு இறக்கிடுங்க. ரெண்டும் ஃபுல்லா ஓடினா ஒண்ணு கழுவினத இன்னொண்ணு திரும்ப கழுவும், தண்ணிக்குள்ள பேசற ரோபோ மாதிரி ஆயிடும். ஒரு செக்கிங் இருக்கு: 'ஸ', 'ஷ' நிறைய வர்ற ஒரு வரிய பேசி ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, அந்த எழுத்துங்க ஃபேன் இரைச்சல் மாதிரியே இருக்கறதால அதிகமா சுத்தம் பண்ணினா முதல்ல மழுங்கறது அதுதான். மழுங்குச்சுன்னா லெவல ஒரு படி குறைங்க, கொஞ்சம் ஃபேன் சத்தம் கேட்டா தப்பே இல்ல.

(பழைய லேப்டாப்ல நாய்ஸ் நீக்கறது, பேக்கிரவுண்ட் மாத்தறது எல்லாத்தையும் ஒண்ணா ஓட விட்டா புராசஸர் சூடாகி லேப்டாப்போட சொந்த ஃபேனே பறக்க ஆரம்பிக்கும், அதுவும் மைக்குக்கு பக்கத்துலயே!)

இப்போ முகம். புள்ளி புள்ளியா தெரியறதுக்கு காரணம் வெளிச்சம் பத்தாதது. லேப்டாப் கேமராவோட சென்சார் ரொம்ப பொடிசு, இருட்டுல அது சிக்னல செயற்கையா ஏத்தும், அதுல வர்றதுதான் அந்த புள்ளிங்க. கூடவே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கும், அதனால செகண்டுக்கு 30 ஃப்ரேம் 15 ஆகி கைய அசைச்சா இழுத்த மாதிரி தெரியும். ஏஐ புள்ளிய அழிக்கும்தான், ஆனா கேமராவுக்கே தெரியாத கண்ணு, புருவம் எல்லாத்தையும் அது குத்துமதிப்பாதான் நிரப்பணும், மெழுகு பொம்மை முகம் வர்றது அதனாலதான். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தா மாத்தி ஜன்னல பாத்து உக்காருங்க. ராத்திரி கிளாஸ்னா லேப்டாப்புக்கு பின்னாடி ஒரு டேபிள் லேம்ப்ப சுவர பாத்து திருப்பி வைங்க, சுவர்ல பட்டு வர்ற வெளிச்சம் முகத்துல மெத்துனு விழும். லென்ஸ மெல்லிசு துணியால ஒரு தடவை தொடைங்க, மூடித் திறக்கற லேப்டாப்ல விரல் எண்ணெய் ஒட்டாத லென்ஸ் கிடையாது. இதெல்லாம் முடிச்ச பிறகு ஜூம்ல இருக்கற லோ லைட் அட்ஜஸ்ட்ட ஆன் பண்ணிப் பாருங்க, அப்போதான் அதுக்கு வேலை செய்ய ஏதாவது இருக்கும்.

ரெசல்யூஷன ஏஐ வெச்சு 4கே ஆக்கறேன்னு வர்ற ஆப்ப விட்டுடுங்க, கால்ல போகும்போது நெட் ஸ்பீடுக்கு தகுந்த மாதிரி படத்த எப்படியும் சுருக்கித்தான் அனுப்புவாங்க. நிஜமாவே நல்ல கேமரா வேணும்னா போன் இருக்கே. ஐபோன் எக்ஸ்ஆரும் அதுக்கு அப்புறம் வந்ததும் மேக்ல வென்ச்சுரா வெர்ஷன்லேர்ந்து நேரடியா வெப்கேமா வேலை செய்யும், ஆண்ட்ராய்டு 14 இருக்கற சில போன்ல யூஎஸ்பி கேபிள் மாட்டினாலே வெப்கேம் ஆப்ஷன் வரும், இல்லன்னா டிராய்ட்கேம் மாதிரி ஒரு ஆப்.

கிளாஸ் எடுக்கறவங்க பேக்கிரவுண்ட் பிளர் போடறதுக்கு முன்னாடி யோசிங்க. புக்க கேமரா கிட்ட தூக்கிக் காட்டினா அதையும் பேக்கிரவுண்டுன்னு நெனச்சு பாதிய அழிச்சுடும், பசங்களுக்கு உங்க விரல் மட்டும் தெரியும். கண்ண எப்பவும் கேமராவ பாக்கற மாதிரி மாத்தற ஐ கான்டாக்ட்டும் எனக்கு பிடிக்காது, குனிஞ்சு நோட்ஸ பாக்கும்போது கண்ணு ஒரு நொடி அங்க ஒரு நொடி இங்கன்னு தாவும், பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும்.

என்ன கிளாஸ்னு நீங்க எழுதல. பாட்டோ வயலினோ சொல்லிக்குடுக்கறீங்கன்னா மேல சொன்ன நாய்ஸ் நீக்கற வேலை எதையுமே செய்யாதீங்க, நீளமா பிடிக்கற ஸ்வரத்த ஃபேன் சத்தம்னு நெனச்சு அது நடுவுலயே வெட்டிடும். ஜூம்ல ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டு, கிளாஸ் முடியற வரைக்கும் ஃபேன நிறுத்திடுங்க.