காற்று நின்றுபோனால் காற்றாலை மின்சாரம் எங்கிருந்து வரும்?

காற்றே வீசாதபோது காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக, இல்லை. நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் பெரும்பாலான காற்றாலைகள் உற்பத்தியைத் தொடங்கும். தொடங்கினாலும், காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் மெல்லிய காற்றில் இறக்கை சுற்றுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

சரி, காற்று அடிக்கும்போதே சேமிக்கலாமே? அதற்கு நம் ஊரிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே உள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதையே கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவான மின்சாரம் முழுதும் திரும்பாது, நான்கில் ஒரு பங்கு போல வீணாகும். ஆனாலும் லாபம்தான்.

ஆனால் இது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பேட்டரியும் அப்படியே. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும் காற்றை ஜனவரிக்கு எடுத்துவைக்க இவை போதாது. ‘பேங்கிங்’ என்று காற்றாலைக்காரர்கள் சொல்வதும் வெறும் கணக்கு வரவுதான். சீசனில் கொடுத்த யூனிட்டைப் பிறகு கேட்கும்போது, மின்வாரியம் அதை அனல் மின்நிலையத்திலோ வேறெங்கோ உற்பத்தி செய்துதான் தர வேண்டும்.