கால் வைத்தால் அமுங்கும் டெக்: ஆயர் தாவாரிலிருந்து சில பதில்கள்

மலேசியாவில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து, பேராக் மாநில லுமுட் படகுப் பட்டறைகளில் இருபது வருஷம் ஃபைபர் (கண்ணாடி இழை) வேலை பார்த்தவன் நான். படகின் டெக், அதாவது மேல்தளம், அழுகுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணே, பழைய பாய்மரப் படகு வாங்கினேன். ஓரத்துப் பாதுகாப்புக் கம்பியைத் தாங்குகிற காலுக்குப் பக்கத்தில் டெக் அமுங்குகிறது. எவ்வளவு தூரம் கெட்டிருக்கும்?

இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பல்சா என்கிற லேசான மரக் கட்டை இருக்கிறது, தம்பி. அதுதான் ஊறிவிட்டது. ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கேட்கும். கெட்ட இடம் 'தொம்'. சத்தம் மாறுகிற இடத்தில் பென்சில் கோடு. அப்புறம் கோட்டுக்கு வெளியே, கீழ்த்தோலைத் தொடாமல், ஒரு சின்னத் துளை. தூள் வெளுத்து உலர்ந்திருந்தால் சரி. வடிகட்டின காப்பிச் சக்கை மாதிரி விரலில் ஒட்டினால் கோட்டை இன்னும் தள்ளிப் போடுங்கள்.

ஊசியால் எபோக்ஸிப் பசையை ஏற்றினால் போதுமாமே?

போதாது. தண்ணீர் நிற்கிற மரத்தில் எபோக்ஸி இறங்காது, ஒட்டாது.

அப்படியென்றால் முழு வேலை எப்படி?

மேல்தோலை மட்டும் வெட்டி, உடையாமல் எடுத்து வையுங்கள். அழுகலைச் சுரண்டி, கீழ்த்தோல் நன்றாகக் காய்ந்தபின் தேயுங்கள். சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கின எபோக்ஸியைப் பூசி, புது பல்சாவையும் நனைத்து அமர்த்தி, மேலே பாரம் வையுங்கள். மேல்தோலையும் அப்படியே ஒட்டுங்கள். வெட்டின இடத்தின் இரண்டு பக்கமும் தோல் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணி போடவேண்டும். 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர். நம் வெக்கையில் ஒரு டப்பா நிறைய எபோக்ஸி கலந்தால் கையிலேயே புகைந்து கல்லாகிவிடும். எபோக்ஸியோடு கலந்து அதை இறுகவைக்கிற ஹார்ட்னரில் மெதுவான ரகம் வாங்கி, காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். மத்தியான மழைக்குக் கன்வாஸ் கட்டாயம். காய்ந்தபின் மெழுகு மாதிரி படலம் வந்தால் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தேய்க்கவேண்டும்.

தோட்டத்தில் வெட்டின பால்மரப் பலகை கிடக்கிறது. பல்சாவுக்குப் பதில் போடலாமா?

நாற்காலி செய்யுங்கள், ஐயா! பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். ஈரம் பட்டால் பூஞ்சைக்கு விருந்து. கனமும் கூட. படகுக்கான பல்சாவில் நார் நிமிர்ந்து நிற்கும்படி வெட்டியிருப்பார்கள். தண்ணீர் பக்கவாட்டில் வேகமாகப் பரவாது. நீளப் பலகையில் நார் வழியே ஓடிவிடும்.

மறுபடி அழுகாமல் இருக்க?

தண்ணீர் பெரும்பாலும் ஸ்குரூ ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கும். ஓட்டையைப் பெரிதாக்கி, எபோக்ஸியால் அடைத்து, இறுகினபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். அப்போது மரம் வெளியே தெரியாது. என் முதல் வேலையில் இதைச் செய்யாமல் சிலிகானை அப்பி அனுப்பினேன். இரண்டு வருஷத்தில் அதே படகு, அதே இடம். இரண்டாம் தடவை கூலி வாங்கவில்லை.