வொல்கரோனா ஆடும் நேரம்: கேள்வி பதில்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போக்கிமான் என்ற வீடியோ கேம் ஆடுகிறவர்கள் சிலர் கூடுவோம். சென்ற வாரம் பேச்சு முழுவதும் வொல்கரோனாவைச் சுற்றியே ஓடியது. பூச்சி, நெருப்பு என்ற இரு வகையும் சேர்ந்த அந்தப் பெரிய விட்டில், 2010-இல் பிளாக், ஒயிட் ஆட்டங்களில் அறிமுகமானது. நெடுநாளாக என் அணியில் இருப்பதால் கேள்விகள் என்னிடமே வந்தன. ஸ்கார்லெட், வயலெட் என்ற பிந்தைய ஆட்டங்களின் விதிகளின்படி ஒற்றைப் போர், லெவல் 100 என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அண்ணா, வொல்கரோனாவை இறக்கியவுடன் வலுவேற்றும் குவிவர் டான்ஸ் போடுகிறேன். அடுத்த முறையே விழுந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? (கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்)

தம்பி, எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஆடிவிடுகிறீர்கள். இந்தக் கரையில் படகு தள்ளுகிறவர்களைப் பாருங்கள். வந்த அலை உடைந்து அடுத்த அலை எழுவதற்குள் இருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்காகக் காத்து நிற்பார்கள். அது கிடைத்த கணத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே தள்ளு. வொல்கரோனாவுக்கும் அப்படி ஓர் இடைவெளி வேண்டும்.

குவிவர் டான்ஸ் ஒருமுறை ஆடினால் சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றும் ஒன்றரை மடங்காகின்றன. உடல் தற்காப்பு மட்டும் ஏறுவதில்லை. அதன் அடிப்படை மதிப்பே வெறும் 65. ஆகவே பாறை வகை அடி அடிக்கக்கூடிய கார்சோம்ப் போன்ற போக்கிமான் முன்னால் நிற்கும்போது ஆடுவது தற்கொலை. புல் வகை அடி வொல்கரோனாவின் மேல் கால் பங்குதான் படும். பனி, சண்டை, எஃகு, ஃபேரி, பூச்சி அடிகள் பாதி. சாய்ஸ் பேண்ட் (அடியை வலுவாக்கி, ஒரே அடியில் பூட்டிவிடும் பொருள்) கட்டிய ரில்லபூம் என்ற போக்கிமான் புல் அடி ஒன்றிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். எதிராளி அதை மாற்றியே ஆக வேண்டும். அவர் மாற்றுகிற அந்த முறைதான் நீங்கள் ஆட வேண்டிய முறை. போரில் அது ஒரே ஒரு தடவைகூட வரலாம். அதற்காக இருபது முறை வெளியே உட்கார வைத்திருந்தாலும் நட்டமில்லை.

இறங்கும் போக்கிமானைக் குத்தும் பாறைக் கண்ணியான ஸ்டெல்த் ராக்கை என்ன செய்வது? பாதி உயிர் போய்விடுகிறதே. (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

பூச்சியும் நெருப்பும் இரண்டுமே பாறைக்கு அஞ்சுபவை. அதனால் நான்கு மடங்குப் பலவீனம். களத்தில் இறங்கும்போதே பாதி உயிர் கழிந்துவிடும். 2019-இல், கண்ணிகள் படாமல் காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் வந்த பிறகு இந்தத் துயரம் பெரும்பாலும் தீர்ந்தது. அதைக் கொடுத்துவிடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஆனால் பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் அடி விழுந்தால் பூட்ஸும் போய்விடும். அதனால் கிரேட் டஸ்க் போன்ற, கண்ணிகளை அகற்றும் ரேப்பிட் ஸ்பின் தெரிந்த துணையும் அணியில் இருக்கட்டும். பேய் வகையின் மேல் ஸ்பின் பலிக்காது என்பதால் எதிராளி பேய் வகையான கோல்டெங்கோவை நிறுத்துவார். அதன் தன்மை, கண்ணிகளை அகற்றும் இன்னொரு வழியான டிஃபாகையும் தடுத்துவிடும். ஆனால் கோல்டெங்கோவில் எஃகும் கலந்திருப்பதால் நெருப்பு அதற்கு இரண்டு மடங்கு வலிக்கும்; உங்கள் விட்டிலே அதற்கு மருந்து.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மிச்சமிருக்கும் 4 ஈ.வி.யை (பயிற்சிப் புள்ளிகளை) உயிரில் போடாதீர்கள். போடாவிட்டால் உயிர் 311. பூட்ஸ் இல்லாதபோது ஸ்டெல்த் ராக் 155-ஐ எடுக்கும். இரண்டு முறை இறங்கினாலும் 1 மிஞ்சும். போட்டால் 312 ஆகும். 156 வீதம் இரண்டு இறக்கத்தில் கணக்கு முடிந்துவிடும். அந்த நாலைச் சிறப்புத் தற்காப்பில் போடுங்கள். அந்த ஒரே ஒரு புள்ளி உயிருடன் நின்று நான் வென்ற போர்கள் உண்டு.

எந்த இயல்பு நல்லது, டிமிடா, மாடஸ்டா? (பண்ருட்டி)

டிமிட் வேகத்தைக் கூட்டும், மாடஸ்ட் சிறப்புத் தாக்குதலைக் கூட்டும். வேகத்தில் 252 ஈ.வி. போட்டால் டிமிட் 328, மாடஸ்ட் 299. ஒரு டான்ஸுக்குப் பிறகு 492, 448. வேகமான போக்கிமானான டிராகபல்ட்டின் உச்ச வேகம் 421 என்பதால் மாடஸ்டே அதை முந்திவிடும். அப்படியென்றால் மாடஸ்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஆடாமலே அடிக்க வேண்டிய முறைகளும் வரும். அப்போது சம வேகக்காரர்களிடம் பின்தங்கினால் போர் கைநழுவும். நான் டிமிட் பக்கம்.

நிலநடுக்க அடிக்கு வொல்கரோனா பயப்பட வேண்டுமா? (எட்டாம் வகுப்பு, மஞ்சக்குப்பம்)

இல்லை, பாப்பா. நெருப்புக்கு அது இரட்டிப்பு, பூச்சிக்கு பாதி. சேர்ந்தால் சாதாரண அடி. நீர், பறவை அடிகளுக்கு மட்டும் கவனமாக இரு. பாறைக்கு மிகக் கவனமாக.

நெருப்பும் எஃகும் சேர்ந்த ஹீட்ரான் வந்தால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

முடியும். ஃபிளாஷ் ஃபயர் தன்மையால் அது நெருப்பை விழுங்கிவிடும். புல் அடியான கிகா டிரெயினும் பூச்சி அடியான பக் பஸ்ஸும் அதன் மேல் கால் பங்குதான். ஆனால் டெராவை (போரின் நடுவே வகையை மாற்றும் வசதியை) நிலமாக்கி, அதே வகையாக மாறும் டெரா பிளாஸ்ட் அடித்தால் நான்கு மடங்கு. வென்று தீர்த்துவிடலாம். அணியின் மற்றவர்களே ஹீட்ரானைக் கவனித்துக்கொள்வார்கள் என்றால் புல் டெரா எனக்கு மிகவும் பிடிக்கும். நீர் அடி பாதியாகும், பாறை அடி சாதாரணமாகும், கிகா டிரெயின் வலுக்கும். அடித்ததில் பாதி உயிராகத் திரும்பும். டெரா போருக்கு ஒருமுறைதான், ஆகவே ஆடுகிற முறையில் செலவிடுவதா, பின்னால் வைத்திருப்பதா என்பதை இறக்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

டொண்டோசோ என்ற போக்கிமான் வந்தால்? (கடலூர் முதுநகர்)

அதன் அன்அவேர் தன்மை உங்கள் டான்ஸைக் கணக்கிலேயே எடுக்காது. அதை வேறொருவர் வீழ்த்தும்வரை வொல்கரோனாவை வெளியே எடுக்காதீர்கள்.

ஐயா, என் மகன் தோற்றால் இரவு சாப்பிடுவதில்லை. எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. என்ன சொல்லித் தேற்றுவது? (ஒரு தாய், புதுப்பாளையம்)

அம்மா, நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. தேற்றுவதைவிட ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ ஆடியபோது எதிரே நின்றது யார்?" இணையத்தில் போக்கிமான் போர் ஆடும் ஷோடவுன் தளத்தில் போரின் பதிவைச் சேமித்து மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவனையே விளக்கச் சொல்லுங்கள். எந்த முறையில் தவறினான் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டால், தோல்வி அவனுக்கு ஒரு கணக்காக மாறிவிடும். எனக்கும் என் அக்கா இப்படித்தான் செய்தார். பிறகு சாப்பாடு போடுங்கள்.

எதிராளியின் கார்சோம்ப், வேகத்தைக் கூட்டும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? (புதுச்சேரி, வில்லியனூர்)

ஸ்கார்ஃபுடன் அதன் வேகம் 499 வரை போகும். ஒரு டான்ஸ் ஆடிய உங்கள் 492-ஐ ஏழே புள்ளியில் முந்திப் பாறையை எறியும். அதனால் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். வேகமான துணை ஒன்றை, உதாரணமாக டிராகபல்ட்டை, முதலில் அதன் எதிரே நிறுத்துங்கள். கார்சோம்ப் முந்தி அடித்தால் ஸ்கார்ஃப் இருக்கிறது. பிந்தி அடித்தால் இல்லை. அப்புறம் விட்டிலை இறக்க நாள் பார்க்கலாம்.