வாட்டர்ப்ளோமிக்கி: கேப் குளத்துக் கொட்டி பற்றிக் கேட்டவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் குளங்களில் பூக்கும் வாட்டர்ப்ளோமிக்கி பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். கேப்டவுனில் பல வருடமாக இதை வளர்த்து வருகிறேன்.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து: அண்ணா, குளிர்காலம் முழுக்கப் பூத்த செடி, நவம்பரில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கரைந்துவிட்டது. செத்துப்போச்சா?

இல்லம்மா, தூங்குகிறது. தொட்டியைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! கேப் பக்கம் மழை பெய்வது குளிர்காலத்தில். மே, ஜூனில் பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கி, இங்கே 'ஃப்லெய்' என்று சொல்லும் ஆழமில்லாத குளமாகும். இங்கே கோடையான டிசம்பர் வெயிலில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள் பத்திரமாக இருந்து, அடுத்த மழைக்கு இலை விடும். அந்த ஓய்வு அதற்கு வேண்டும்.

சேற்றில் விரலை விட்டுக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது; கொழகொழவென்று நாறினால்தான் அழுகல். டர்பனில் மழை கோடையில் பெய்வதால் கணக்கு தலைகீழ். இப்போது தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, சேறு காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில், வெயில் தணிந்ததும், ஒரு முழம் தண்ணீர் நிற்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: இது ஒரு வகை அல்லியா?

இலை மிதப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அல்லி இலை வட்டம். இதன் இலை நீளவாக்கில் இருக்கும். இது நம் கொட்டிக்கு நெருங்கிய சொந்தம், இரண்டுமே அப்போனோஜெட்டன் பேரினம். குளம் வற்றினாலும் விட்டுப் போகாத உறவு என்று பழைய பாட்டில் படித்தோமே, அதே கொட்டிதான். கேப்டவுனில் முதன்முதலாக இதன் கிழங்கைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. பூங்கொத்து கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். வெள்ளை இதழ், நடுவே கருஞ்சிவப்புப் புள்ளிகளாக மகரந்தப் பைகள். கிட்டே போனால் வெனிலா வாசம்.

டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து: தொட்டியில் கூடவே ஆகாயத்தாமரையும் விடலாமா?

கூடாது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே அணைகளை மூடிக்கொண்டிருக்கும் களை. வளர்ப்பது சட்டப்படியும் தவறு. கோடையிலும் பூ வேண்டுமென்றால் உங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் சொந்த நீல ஆம்பலைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

மறுபடி சாட்ஸ்வர்த்: இதைச் சமைப்பார்களாமே?

ஆமாம், பூங்கொத்தைத்தான். பார்ல், ஸ்டெல்லன்போஷ் பக்கம் பண்ணை அணைகளில் பயிராகவே வளர்க்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் ரப்பர் உடை போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் பறிப்பார்கள். ஆட்டுக்கறியோடு புளியாரை இனத்துக் கீரை சேர்த்து 'பிரீடி' என்னும் குழம்பு வைப்பது கேப் வழக்கம். எங்கள் வீட்டில் கீரைக்குப் பதில் கொஞ்சம் புளி கரைத்து விடுவோம். எப்படிச் செய்தாலும் பூவை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள். இதழ் இடுக்கில் மணலும் சின்னப் பூச்சிகளும் இருக்கும். கறி முக்கால்வாசி வெந்தபிறகு போட்டால் போதும்.

அப்புறம், தொட்டியில் பூப்பது நாலைந்துதான் என்றால் பறிக்காமல் விடுங்கள். விதை முற்றித் தண்ணீரில் விழுந்து, அங்கேயே முளைக்கும்.