இரவில் காய்ச்சல், காலையில் இயல்பு: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்வி இது: "பள்ளியில் இலையுதிர்காலப் பருவம் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிச் செய்திமடலில் ஏதாவதோர் உடல்நல எச்சரிக்கை வருகிறது. ஏழு வயது மகனுக்கு நேற்றிரவு 38.4 டிகிரி காய்ச்சல் இருந்தது. பத்து மணிக்கு மருந்து கொடுத்தேன். இப்போது காலை ஏழு மணி, உடம்பு இயல்பாக இருக்கிறது. 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற பள்ளி விதியை அப்படியே பின்பற்றினால் நான் வேலைக்குப் போக முடியாது. அனுப்பலாமா?"

நீங்கள் கேட்டு இரண்டு நாளாகிவிட்டது. அன்று அனுப்பினீர்களா, வீட்டில் வைத்துக்கொண்டீர்களா என்று நான் விசாரிக்கப்போவதில்லை. உங்கள் விடுப்பு ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும், வீட்டில் இன்னொருவர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார், மேலாளரிடம் போன மாதம்தான் இதே காரணத்தைச் சொல்லி ஒரு நாள் வாங்கியிருப்பீர்கள் என்று நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். ஏனென்றால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அக்டோபர் திங்கட்கிழமை காலையில் நான் அதே நிலையில்தான் நின்றிருந்தேன். உங்கள் கேள்விக்கு நேரான விடை, அனுப்பக் கூடாது என்பதே. நான் அனுப்பினேன்.

என் மகனுக்கும் அப்போது ஏழு வயது. ஞாயிறு இரவு சோர்ந்து படுத்தவனைக் காலை ஆறரை மணிக்கு எழுப்பியபோது வெப்பமானி 38.2 காட்டியது. பாராசிட்டமால் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 37.1. முகம் தெளிந்திருந்தது, காலணியைத் தானே மாட்டிக்கொண்டான், "அப்பா, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது" என்றான். பருவத்தின் இடைவிடுமுறை வரை ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களுக்கு அந்தப் பள்ளியில் முழு வருகைச் சான்றிதழ் கொடுப்பார்கள். அவன் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே அனுப்பினேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று பத்து மணிக்கு எனக்கிருந்த கூட்டத்தைப் பற்றி அவர்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பத்து ஐம்பதுக்குப் பள்ளிச் செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது நோயறையில் இரண்டு கட்டில்களில் ஒன்றில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே சுருண்டு கிடந்தான், காய்ச்சல் 39.1. செவிலியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "காலையில் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தவணையை எப்போது கொடுக்கலாம் என்று கணக்கிட அவருக்கு அந்த நேரம் தேவை. அந்த மருந்தின் வேகம் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கேள்வியில் வேறு உள்நோக்கம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் 'கொடுத்தீர்களா' என்று அவர் கேட்கவில்லை, 'எத்தனை மணிக்கு' என்று கேட்டார். ஆறரைக்கு என்றேன். எழுதிக்கொண்டார்.

மருத்துவர் மூக்கில் சோதனைக் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ என்றார். மகன் அந்த வாரம் முழுவதும் படுக்கையில் இருந்தான். ஒரு நாளை மிச்சப்படுத்தப் பார்த்த நான் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். வியாழக்கிழமைக்குள் அவன் வகுப்பில் ஆறு பிள்ளைகள் வரவில்லை, வகுப்பாசிரியையும் வரவில்லை. அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டு. அந்தப் பிள்ளை இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வெள்ளிக்கிழமைச் செய்திமடலில் ஒரு வரி வந்தது: "காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரை மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்." பெயர் எதுவும் இல்லை. வாசலில் பிள்ளைகளை விட வரும் பெற்றோருக்குப் பெயர் தேவைப்படவுமில்லை.

இந்த இடத்தில் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: ஃப்ளூ தொற்றியவரிடமிருந்து அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும், ஆகவே உன் மகன் முந்தைய நாட்களிலேயே பரப்பியிருக்கலாம், அல்லது அந்தப் பிள்ளைகள் வேறெங்கோ வாங்கியிருக்கலாம் என்பார்கள். இரண்டும் சாத்தியமே. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகும் என்பதால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரு வகுப்பறைக்குள் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதே வாதத்தை அந்த வாரம் முழுவதும் நானும் என் மனைவியிடம் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் நோய் தொடங்கிய முதல் மூன்று நாட்களில்தான் தொற்றும் வேகம் மிக அதிகம்; அந்த மூன்றில் ஒரு நாளின் சில மணி நேரத்தை இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள மூடிய அறையில் அவன் கழிக்கும்படி ஏற்பாடு செய்தவன் நான். 'நீயெல்லாம் ஒரு தகப்பனா' என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். அதை நானே என்னிடம் கேட்டு முடித்துவிட்டேன். சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காத பெற்றோரை நான் குறை சொல்வதாகவும் யாரும் கொள்ள வேண்டாம். எனக்கு விடுப்பு இருந்தது, மனம்தான் இருக்கவில்லை.

விதி எனக்குத் தெரியாமல் இல்லை. "24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்" என்பதை நூறு முறை படித்திருக்கிறேன். அதற்கு முன்னால் "காய்ச்சல் தணிக்கும் மருந்து எதுவும் கொடுக்காமல்" என்று ஐந்து சொற்கள் இருந்தன. தொலைந்துபோன தண்ணீர்க் குப்பிகளுக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் இடையில் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த அந்தச் சொற்களை என் கண் ஒவ்வொரு வாரமும் தாண்டியே போயிருக்கிறது. அதே மடலின் முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். போன பருவத்தில் முழு வருகை பெற்ற பிள்ளைகள் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் வண்ணப் படம். நோய் வராமல் இருந்ததற்கும், வந்தும் மறைத்ததற்கும், தகப்பன் காலையில் மருந்து கொடுத்ததற்கும் சேர்த்து ஒரே பரிசு. பருவம் முழுவதும் ஒரு நாள்கூட உடம்புக்கு வராமல் இருப்பது ஏழு வயதுப் பிள்ளையின் முயற்சியில் இருக்கிறதா என்ன? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு, ஏழு முறை சளி பிடிப்பது வழக்கமான ஒன்று என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். ஆஸ்துமா உள்ள அந்தப் பிள்ளைக்கு எந்தப் பருவத்திலும் அந்தச் சான்றிதழ் கிடைத்ததில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இதைப் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்து மூலமாக மூன்று முறை தெரிவித்தும் இன்றுவரை அந்தப் படம் முதல் பக்கத்தில்தான் வருகிறது.

பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அடுத்த ஆண்டு செய்திமடலின் உடல்நலப் பகுதியை எழுதித் தருவதாக நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் எழுதினேன். செவிலியர் குறிப்புக் கொடுப்பார், நான் வாக்கியமாக்குவேன். நான் முதலில் மாற்றியது அந்த 24 மணி நேர வரியைத்தான். விதியாக எழுதாமல் கணக்காக எழுதினேன். உங்கள் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரவு பத்து மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் அதிகாலை நான்கு மணி வரை இருந்திருக்கக்கூடும். காலை ஏழு மணிக்கு அவன் இயல்பாக இருக்கிறான் என்றால், மருந்தின் துணையின்றி மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கிறான் என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். அன்று மாலையும் இரவும் மறுபடி மருந்து கொடுக்காமலே 38 டிகிரிக்கு, அதாவது 100.4 பாரன்ஹீட்டுக்கு, கீழேயே இருந்தால் மறுநாள் காலை அனுப்பலாம்.

இதற்காக மூக்கு ஒழுகும் ஒவ்வொரு நாளும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சளி பத்து நாள் வரை இழுக்கும். காய்ச்சல் இல்லாமல், வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடுகிற பிள்ளையை அத்தனை நாளும் நிறுத்தி வைப்பதில் பொருளில்லை. சளி பச்சையாக மாறிவிட்டது என்பதே கிருமிக்கொல்லி மருந்து (ஆன்டிபயாடிக்) கேட்பதற்குக் காரணமும் ஆகாது. பேன் விஷயத்தில் பெற்றோர் காட்டும் பதற்றமும் வீண். பேன் தாவாது, பறக்காது, எந்த நோயையும் பரப்பாது, அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை நடுப்பகலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அப்படியல்ல. அவற்றை உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் திரவம் சரிவர வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கடைசி வாந்திக்குப் பிறகு 48 மணி நேரம் வீட்டில் இருப்பதே நல்லது. நான் எழுதியவற்றில் பெற்றோர் அதிகம் கோபித்துக்கொண்டது அந்த 48 என்ற எண்ணுக்காகத்தான்.

எழுதத் தொடங்கிய பிறகு எனக்குப் புரிந்த இன்னொன்று, பெரும்பாலான உடல்நல அறிவிப்புகள் உண்மையாக இருந்தும் காலந்தாழ்ந்து வருகின்றன என்பது. ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி எங்கள் மடலில் டிசம்பரில்தான் எழுதுவார்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறையாகப் போட்டுக்கொள்வதானால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆக மொத்தம் ஆறு வாரம். டிசம்பர் மடலைப் படித்துவிட்டுப் போகிற பெற்றோருக்கு அந்த ஆறு வாரம் பனிக்காலத்தின் நடுவில்தான் முடியும். அந்தச் செய்தி செப்டம்பர் முதல் மடலில் வர வேண்டியது.

ஆஸ்துமாவும் அப்படியே. பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரங்களில், அதாவது செப்டம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் உச்சத்தைத் தொடுவதைக் கனடாவின் ஆய்வாளர்கள் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். வகுப்பறை திறந்ததும் சுற்றத் தொடங்கும் சாதாரணச் சளி வைரஸ்தான் முக்கியக் காரணம். கோடை விடுமுறையில் நன்றாக இருக்கிறானே என்று தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுவதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. இதை நான் என் மகனின் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்குப் பிறகுதான் படித்தேன். மற்றவர்களுக்கு வெறும் சளியாகப் போகிற ஒன்று அந்தப் பிள்ளைக்கு மூச்சுக்கே கேடாகும் என்பது, மருந்து கொடுத்த அந்த ஆறரை மணிக்குத் தெரிந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. அந்தக் கூட்டத்தை நினைத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். யார் வீட்டில் இருப்பது என்ற வழக்கைக் காலை ஏழு மணிக்கு எடுக்காதீர்கள். இரவு மருந்து கொடுக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள், காலையில் வெப்பமானி இறங்கியிருந்தாலும் அதை மாற்றாதீர்கள். வீட்டில் இருக்கும்போது மூச்சு வாங்கினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, இரண்டு நாள் தணிந்திருந்த காய்ச்சல் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பினாலோ மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பள்ளி அலுவலகத்தை அழைத்து விடுப்புச் சொல்லும்போது "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். காய்ச்சல் எவ்வளவு, வாந்தி உண்டா, தடிப்பு உண்டா, எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் செவிலியர் அவற்றை வகுப்புவாரியாகக் குறித்துவைப்பார்; ஒரே வகுப்பிலிருந்து மூன்றாவது அழைப்பு வந்ததும் மற்றப் பெற்றோருக்குச் செய்தி போகும், வெள்ளிக்கிழமை மடலுக்காகக் காத்திருக்க மாட்டார். அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கள் வகுப்பிலிருந்து ஏற்கெனவே இரண்டு அழைப்புகள் வந்திருந்தன என்று அவர் பிறகொரு நாள் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்.