பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை. என்ன செய்வது?

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, மூன்று முறை கூட்டம் போட்டும் ஐந்து பேருக்கு மேல் வரவில்லை, "இவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை கிடையாது" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. நானும் முதல் இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பந்தலூர் வட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு சிறிய பள்ளியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் பணியர், காட்டுநாயக்கர். சில பெட்டக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. என் முதல் கூட்டத்துக்கு நான் செய்த ஏற்பாடு இதுதான்: வெள்ளைத் தாளை நான்காகக் கிழித்து, 'அன்புடையீர்' என்று தொடங்கி, நாற்பது சீட்டு எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினேன். அடியில் ஒரு கோடு, அதன் கீழே 'பெற்றோர் கையொப்பம்'. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் எதிர்க் கடைக்காரர், பிள்ளைகள் வைத்த மிட்டாய்க் கடனைப் பற்றிக் கேட்க வந்தவர்.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக ஒரு பணியர் பாடிக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி சுருக்குப்பையைத் திறந்து வெற்றிலை எடுத்தார். கூடவே ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. பிரித்தார், உள்ளே புகையிலை. பொட்டலத்தின் மேல் என் கையெழுத்தில் 'அன்புடையீர்'. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல தாள் டீச்சர். கெட்டியாக இருக்கிறது" என்றார். கேலி இல்லை, நிஜமான பாராட்டு.

பாட்டியின் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் இருந்தார். நான் கிளம்பும்போதுதான் சொன்னார்: "கோட்டின் மேல் கை வைக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னான். அதனால்தான் திருப்பி அனுப்பவில்லை."

அந்த ஒரு வாக்கியம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. பணியர்கள் தலைமுறை தலைமுறையாக ஜென்மிகள் எனப்பட்ட நிலக்கிழார்களின் நிலத்தில் அடிமை வேலை செய்தவர்கள். கேரளத்தில் மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் அவர்களை ஒரு வருட வேலைக்குப் பேசிப் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் போன நூற்றாண்டிலும் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல்தான். தாத்தாவுக்கு அது வரலாறு இல்லை, அவருடைய அப்பாவின் வாழ்க்கை. நிலக் கதை தனி. கூடலூர் ஜென்ம நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969-இல் வந்தது. குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களின் தகராறு இன்னும் ஓயவில்லை. காகிதத்தில் கை வைத்தால் எதையாவது இழப்போம் என்பது அவர்கள் பட்டு அறிந்தது. நானோ சுற்றுலாவுக்கு ஒப்புதல் வேண்டும், தடுப்பூசிக்கு ஒப்புதல் வேண்டும் என்று வாரம் ஒரு கோட்டைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நேரத்துக்கு வருவோம். சனிக்கிழமை வேலை நாள். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பறிப்பு. குடும்பத்தோடு போய்விடுவார்கள், சிலர் இஞ்சி வேலைக்குக் கர்நாடகம் வரை போவார்கள். காட்டுநாயக்கர்களுக்குச் சித்திரை, வைகாசியில் தேன். மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் பாதையில் யானை. நீங்கள் மூன்று கூட்டமும் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏன் யாரும் வருவதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

கூட்டம் என்றால் வராத மக்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். 1988-இல் நில உரிமை கேட்டு இதே கூடலூரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் வளர்ந்தது ஊர் ஊராக உட்கார்ந்து பேசிய கூட்டங்களில்தான். தங்கள் காரியம் என்று தெரிந்தால் நடந்தே வருவார்கள். பள்ளிக்கூடத்துக் கூட்டம் எங்கள் காரியமாக இருந்தது. நாங்கள் பேசுவோம், அவர்கள் கேட்பார்கள், கடைசியில் ஒரு கையெழுத்து.

மொழியைச் சொல்லாமல் விட முடியாது. பணியர் வீட்டில் பேசுவது மலையாளத்துக்கு நெருங்கியது. காட்டுநாயக்கர் பேசுவது கன்னடத்துக்கு நெருங்கியது. பெட்டக்குறும்பருக்கு அவர்கள் மொழி. ஒரே வகுப்பில் மூன்று தாய்மொழி, மூன்றும் தமிழ் இல்லை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு என்ன காரணமோ, கூட்டத்தில் அதன் அம்மா பேசாமல் இருப்பதற்கும் அதே காரணம். பிள்ளைக்காவது பழக ஒரு வருடம் கிடைக்கிறது.

எங்களைக் காப்பாற்றியவர் சத்துணவு சமைக்கும் அக்கா. பணியர் சமூகத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரோடு அவருடைய பாடிக்கே போய், முற்றத்தில் உட்கார்ந்து, பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். நான் ஐந்து நிமிடம் பேசினேன். அக்கா இரண்டே வாக்கியத்தில் மொழிபெயர்த்து முடித்தார். "எல்லாவற்றையும் சொன்னீர்களா?" என்றேன். "வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மற்றது உங்கள் ஆபீஸ் விஷயம்" என்றார். அவர் வெட்டிய பகுதி எது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வருகைச் சதவீதம், பதிவேடு, மேலிடத்து உத்தரவு. விட்டுவைத்த பகுதி: மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஜீப் வராது. அதன் பிறகு எதைச் சொல்லப் போனாலும் முதலில் அக்காவிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். கூடலூர் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி சமூகங்களைச் சேர்ந்தவர்களே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அங்கே இந்தத் தொல்லை பாதியாவது குறைந்திருக்கும். உங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லையென்றால் சமையலறையில் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிவரும் ஜீப்பில் பாருங்கள்.

மாதம் ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப் குழுவும் ஒன்று தொடங்கினோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரிவு 17 நிலத்தில் இருந்த பல வீடுகளுக்கு மின் இணைப்பே இல்லை, போனுக்குச் சார்ஜ் போடக் கடைத்தெருவுக்கு வர வேண்டும். போன் அப்பாவிடம் இருக்கும், செய்தி அம்மாவுக்குப் போக வேண்டும். இரண்டே மாதத்தில் அந்தக் குழுவில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் போன் வேறு விதத்தில் உதவியது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கரடிக் கதையை வாசித்ததைப் பதிவு செய்து கொண்டுபோய், அவள் வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். காட்டுநாயக்கர் வீடு. தாத்தா இரண்டாம் முறை போடச் சொன்னார். முடிந்ததும், "நன்றாக வாசிக்கிறாள். ஆனால் கரடி அப்படிச் செய்யாது" என்றார். பாடப் புத்தகத்துக் கரடி தேன்கூட்டைப் பார்த்துவிட்டு நண்பர்களைக் கூப்பிடப் போயிற்று. தாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. "அதைப் பள்ளியில் வந்து சொல்லுங்களேன்" என்றேன். பத்து நாள் கழித்து, சட்டை போட்டுக்கொண்டு, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு வந்து நின்றார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. தரையில் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தார். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று நான்கையும் அவர்கள் மொழிப் பெயரோடு சொல்லி, எது கொட்டும், எது கொட்டாது, எந்தக் கூட்டில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு அந்த ஊரிலிருந்து கூட்டத்துக்கு ஆள் வராமல் இருந்ததில்லை.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்கிறேன். நான்காவது வருடம். கூட்டத்துக்கு முப்பது பேர் வந்துவிட்டார்கள் என்ற உற்சாகத்தில் அரையாண்டு மதிப்பெண்களை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்கில் பன்னிரண்டு. "வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்" என்று அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தார், பையன் கையைப் பிடித்தார், போய்விட்டார். அவர்கள் ஊரில் பிள்ளையை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கும் வழக்கம் இல்லை என்று அக்கா பிறகு சொன்னார். மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் கட்டன் சாயா கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, வழி வரை வந்து அனுப்பிவைத்தார். பையன் திரும்பி வரவில்லை. இப்போது ஜீப் ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், காசு வாங்கமாட்டான். பந்தலூர் போய்ச் சேரும் வரை நான்தான் எதையாவது பேசிக்கொண்டே வருவேன்.

அதற்குப் பிறகு மதிப்பெண்ணைப் பிள்ளையின் வீட்டில், அந்தப் பிள்ளையின் எதிரில் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அதிலும் முதலில் அவன் செய்து காட்டக்கூடியது ஒன்று.

பள்ளி மேலாண்மைக் குழு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். எங்கள் பள்ளியில் எல்லாம் தாளில் சரியாகவே இருந்தது. தலைவர் ஒரு பணியர் அம்மா. ஏழு கூட்டம் சுவரோரம் உட்கார்ந்து, ஏழு முறை கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். எட்டாவது கூட்டத்தைப் பள்ளியில் வைக்காமல் அவர் ஊர் முற்றத்தில் வைத்தோம். தீர்மானம் எதுவும் தயாராக எழுதிக்கொண்டு போகவில்லை. "பள்ளியில் எது சரியில்லை?" என்று அக்கா அவர்கள் மொழியில் கேட்டார். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை இடையில் புகுந்து நிரப்பிவிடாதீர்கள், எனக்கு அதைக் கற்க வருடங்கள் ஆயின. கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "ஜீப் எட்டு மணிக்கு இறக்கிவிடுகிறது. கேட் ஒன்பதுக்குத் திறக்கிறீர்கள். மழையில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் நனைகிறார்கள். இருமல் வந்தால் ஏன் அனுப்பவில்லை என்று ஆள் விடுகிறீர்கள்."

ஜூன், ஜூலையில் இங்கே எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வருகைப் பதிவேடு ஓட்டையாக இருப்பதற்கு நாங்கள் என்னென்னவோ காரணம் எழுதியிருந்தோம். சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது, அவர் ஒன்பது மணி பஸ்ஸில் வருபவர். மறுநாளே ஒரு சாவியை அக்காவிடம் கொடுத்தோம். செலவு, நகல் சாவி வெட்டிய கூலி. அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா சுவரை விட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

உங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதை வட்டாட்சியர் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைபவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எட்டாம் வகுப்பிலேயே எந்தப் பிள்ளைக்கு இல்லை என்று பட்டியல் எடுத்து, விண்ணப்பத்தை வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாக அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லிவிட்டுப் பிறகு கை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நகலை அவர்களிடமே விட்டு வாருங்கள். புகையிலைப் பொட்டலப் பாட்டி வீட்டுத் தாத்தா முதன்முதலில் எனக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்தது பேரனின் சான்றிதழ் விண்ணப்பத்தில்தான். வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இதில் நிலம் ஒன்றும் இல்லையே?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் மீண்டும் கூட்டம் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். நீங்களே ஒரு ஊருக்குப் போங்கள், ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள். கையில் பதிவேடு வேண்டாம். மழைக் காலமாக இருந்தால் அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டுபோவீர்கள், அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. புகையிலையை நனைத்துக் காலில் தேய்த்துக்கொள்வதுதான் சரி. எப்படித் தேய்ப்பது என்று அங்கே இருக்கும் பாட்டியிடம் கேளுங்கள், பொட்டலத்தை அவரே பிரிப்பார்.